சுவரின் உத்தியோகம்

காஞ்சிபுரத்தில் பிள்ளையார்பாளையம் முதலிய நெசவாளர் தெருக்களில், ஒரு காலத்தில் தறி ஓடிய கூடத்தில் இன்று மோட்டார் சைக்கிளோ, கொஞ்சம் வசதி கூடிய வீடானால் சிறிய காரோ நிற்பதைக் காணலாம். தறிக்குழியை ஜல்லியும் மண்ணும் கொட்டி மூடி, மேலே சிமெண்டு பூசியிருப்பார்கள். என்றாலும் பழைய தரையின் நிறமும் புதிய பூச்சின் நிறமும் ஒட்டாமையால், நெசவாளி காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்திருந்த குழியின் நீள அகலம் உற்றுப் பார்ப்பவர்களுக்கு இன்னும் தெரியும். தறி போனபின் கூடம் விசாலமாகிவிட்டது என்றுதான் முதலில் தோன்றும். வண்டி வந்து நின்று, அதன் பின்னாலேயே பழைய டயரும், காற்றடிக்கும் பம்பும், ஆயில் டப்பாவும், பாதி உபயோகித்து மூடிவைத்த பெயிண்டு வாளியும், கொலுப்படிப் பலகைகளும், எறிய மனம் வராத ராட்டையும் விழுதுக் கட்டும் ஒவ்வொன்றாக வந்து மூலைகளைப் பிடித்துக்கொண்ட பிறகுதான், அந்த விசாலம் எத்தனை அற்பாயுசு என்பது விளங்குகிறது.

எங்கள் வீட்டுக் கொட்டகையும் இந்த ஜாதியைச் சேர்ந்ததே. சுவரில் நான்கைந்து அலமாரிகளை மாட்டிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று எண்ணி விலை விசாரிக்கப் புறப்பட்டேன். சதுர அடிக் கணக்கில் விலை சொல்லும் ‘மாடுலர்’ வேலைக்காரர் ஒருவர் கொடுத்த மதிப்பீட்டைப் படித்தபோது, உள்ளே வைக்கப்படும் சாமான்கள் அனைத்தையும் விற்றாலும் அவற்றை வைக்கிற பெட்டியில் பாதிகூட வாங்க முடியாது என்பது தெளிவாயிற்று. எனவே தெருக்கோடியில் பட்டறை வைத்திருக்கும் பெரியவரான ஆசாரி ஒருவரை அழைத்துவந்து காட்டினேன். அவர் அளவு நாடாவை எடுக்கவேயில்லை. “வெலையெல்லாம் அப்புறம் பேசிக்கலாங்க ஐயா. மொதல்ல சுவரு தாங்குமான்னு பாக்கணும்” என்று சொல்லிவிட்டு, விரல் முட்டியால் சுவரை நெடுகத் தட்டிக்கொண்டே போனார்.

அவர் தட்டிய அந்த ஓசையில்தான் இந்த விஷயத்தின் ஆதாரமான உண்மை இருக்கிறது. நம் முன்னோர் வீடுகளில் சுவருக்கு இரண்டு உத்தியோகங்கள் இருந்தன: கூரையைத் தாங்குவது ஒன்று, வீட்டுச் சாமான்களைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொள்வது மற்றொன்று. ஒன்றரை அடி, இரண்டடிக் கனத்தில் எழுப்பிய சுவரில் விளக்குக்கு ஒரு மாடம், புத்தகத்துக்கும் மருந்துக்கும் ஒரு பிறை, பட்டு நூலையும் ஜரிகையையும் வைத்துப் பூட்ட மரக்கதவு போட்ட ஓர் அலமாரி என்று அங்கங்கே குழிவு விட்டுக் கட்டினார்கள். மிஞ்சியவை பரணுக்கு ஏறின. நெசவு வீட்டில் இந்த ஏற்பாடு அலங்காரமன்று, அவசியம். தறியும், தறிக்கு மேலே ஜக்காடு பெட்டியும், கோர்வைப் புடவையானால் கரைக்கு நாடா வீசிக் கொடுக்கப் பக்கத்தில் உட்காரும் இரண்டாவது ஆளும் இடத்தை எடுத்துக்கொண்டுவிட, தரையில் ஒரு செம்பு வைக்கக்கூட இடமிராது. தரை முழுவதும் ஒரே ஒரு பொருளுக்குச் சொந்தம் என்ற நிலைமையில், அந்தப் பொருள் தறியாயிருந்தால் என்ன, காராயிருந்தால் என்ன, மற்றவையெல்லாம் சுவரைத்தான் சரணடைய வேண்டும்.

சுவரைக்கொண்டு எவ்வளவு காரியம் செய்விக்கலாம் என்பதற்கு இந்த ஊரைக் காட்டிலும் உயர்ந்த பாடசாலை வேறில்லை. பிள்ளையார்பாளையத்தை ஒட்டி மேற்கே இருக்கும் கைலாசநாதர் கோயிலில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி ராஜசிம்ம பல்லவன் எழுப்பிய மதில், வெறும் அடைப்பாக நிற்கவில்லை. அதன் உட்புறம் நெடுகிலும் 58 சிற்றாலயங்கள் வரிசையாக அமைந்து, ஒவ்வொன்றிலும் தெய்வ உருவங்களும், சிலவற்றில் அழிந்தது போக எஞ்சிய வர்ணச் சித்திரங்களும் இருக்கின்றன. வைகுந்தப் பெருமாள் கோயிலின் திருச்சுற்றுச் சுவரோ பல்லவ வம்சத்தின் சரித்திரத்தையே சிற்பத் தொடராக ஏந்தி நிற்கிறது. சுவர் என்பது மறைப்பதற்கு மாத்திரம் அன்று, வைத்துக் காப்பதற்கும் உரியது என்ற கொள்கை கல்லில் செய்யப்பட்டிருக்கும் ஊரில் குடியிருந்துகொண்டு, பெயிண்டு வாளிக்கு இடமில்லையே என்று நாம் அங்கலாய்க்கிறோம்.

செங்கல்லும் சிமெண்டும் விலை ஏற, மனையின் ஒவ்வோர் அங்குலமும் பணமாக, சுவர்கள் ஒன்பது அங்குலமாயின. உள்ளறைகளுக்கு நாலரை அங்குலமே போதும் என்றாயிற்று. சுவர் மெலிந்த அந்த நாளில்தான் அலமாரி என்பது தனியே காசு கொடுத்து வாங்கவேண்டிய சரக்காக மாறியது என்பது என் அபிப்பிராயம். பம்பாயில் கோத்ரெஜ் கம்பெனியார் 1923இல் இரும்பு அலமாரி செய்து விற்கத் தொடங்கினார்கள். நாளடைவில் கல்யாணச் சீர்வரிசையில் பீரோ இல்லாவிட்டால் சம்பந்திகள் முகம் சுளிக்கும் அளவுக்கு அது நம் இல்லங்களில் வேரூன்றிவிட்டது. ஆனால் பீரோ காலூன்றி நிற்பதற்குத் தரை வேண்டும். வண்டி நிற்கும் கொட்டகையில் இல்லாதது அந்தத் தரைதானே?

ஆகவே மறுபடியும் சுவர். ஆனால் மெலிந்த சுவர். இதில் ஆணியடித்துப் பெட்டி மாட்டுவது பழைய சுவரில் மாடம் விடுவதைப் போல நிர்ப்பயமான காரியமன்று. 20 லிட்டர் பெயிண்டு வாளி ஒன்று நிறைந்திருந்தால் 25 கிலோவுக்குக் குறையாது. அத்தகைய பாரத்தை ஒன்றிரண்டு திருகாணிகளை நம்பித் தொங்கவிட்டால், கீழே நிற்கும் வண்டிக்கும் அதில் ஏறும் குழந்தைக்கும் ஆபத்து. சுண்ணாம்புச் சாந்து வைத்துக் கட்டிய பழஞ்சுவராயின் செங்கல்லுக்கு நடுவில் துளைக்கவேண்டுமேயன்றி, இடைப்பட்ட சாந்தில் துளைத்தால், திருகாணிக்காகச் செருகிய பிளக் பொடியோடு கையில் வந்துவிடும். இக்காலத்து லேசான பிளாக் சுவராயின் அதற்கென்றே செய்த பிளக் வேண்டும். ஆசாரி கையாண்ட உபாயம் எளிமையானது: ஒரு நீண்ட பலகைச் சட்டத்தின் மேல்விளிம்பைச் சாய்வாக அறுத்துச் சுவரோடு பல இடங்களில் முடுக்கிவிட்டார், பெட்டிகளின் பின்புறத்தில் அதற்கு எதிர்ச்சாய்வாக அறுத்த கட்டைகளைப் பதித்து அதன்மேல் மாட்டிவிட்டார். பாரம் ஓரிடத்தில் குவியாமல் நெடுகப் பரவுகிறது. வேண்டும்போது பெட்டியைத் தூக்கி வேறிடத்துக்கு நகர்த்தலாம். சட்டத்தின் கனத்தினால் பெட்டிக்கும் சுவருக்கும் இடையே விழும் முக்கால் அங்குல இடைவெளி, கரையான் மண்கூடு கட்டி ஏறினால் உடனே கண்ணில் படுவதற்கும் உதவுகிறது.

பெட்டி செய்யும் பலகையைப் பற்றியும் சொல்லவேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் ஆயத்த அலமாரிகள் பெரும்பாலும் மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்தவை. ஐப்பசி கார்த்திகை அடைமழையின் ஈரத்தை இரண்டு வருஷம் கண்டால் விளிம்பு உப்பிக் கீல் கழன்றுவிடும். பிளைவுட்டில் ஐ.எஸ். 303 என்ற முத்திரை சாதாரண உபயோகத்துக்கு, ஐ.எஸ். 710 என்பது நீரைத் தாங்கும் மரைன் ரகம், விலையும் அதற்கேற்றபடி. எட்டுக்கு நாலு பலகையொன்றை இரண்டடி நீளம் ஓரடி அகலமான துண்டுகளாக அறுத்தால், வாள் தின்னும் தூள் போக, 16 துண்டுகள் கிடைக்கும். இரண்டடிச் சதுரத்தில் ஓரடி ஆழமுள்ள பெட்டிக்குப் பக்கங்கள் இரண்டு, மேலும் கீழும் இரண்டு, நடுத்தட்டு ஒன்று, கதவு இரண்டு ஆக ஏழு துண்டுகள். பின்புறத்துக்கு மெல்லிய பலகை தனி. பாவு நீளத்தை மூன்று புடவைக்குப் பங்கிட்டு ஒரு சாணும் வீணாக்காத நெசவாளியைப் போல, ஆசாரி ஒரே பலகையில் இரண்டு பெட்டிகளை எடுத்து, மிஞ்சிய இரண்டு துண்டுகளைச் சாய்வுக் கட்டைகளாக்கிவிட்டார்.

இந்தக் கணக்கைக் கூர்ந்து பார்த்தால் மற்றொன்றும் புலப்படும். ஏழில் இரண்டு பங்கு பலகை கதவுக்கே போகிறது. கீல், பிடி, பூட்டு, அவற்றைப் பொருத்தும் கூலி என்று சேர்த்துக்கொண்டால் செலவில் அதன் பங்கு இன்னும் அதிகம். பூட்டி வைக்கவேண்டிய கொட்டகைச் சாமான் எத்தனை? குழந்தைகளின் கைக்கு எட்டக்கூடாத ஆசிட், பூச்சிமருந்து, கூர்மையான ஆயுதங்கள் இவற்றுக்கு ஒரு பெட்டியில் கதவும் பூட்டும் வைத்துவிட்டு, மற்றவற்றுக்கு ஸ்பிரிங் கம்பியில் பழைய வேட்டியைத் திரையாகக் கட்டினால் போதும். தட்டுகளும் மரமாகவே இருக்கவேண்டும் என்ற நிர்ப்பந்தமில்லை. செங்கல் கால்களின்மேல் கிடத்திய கடப்பைக்கல் தட்டு கரையானையும் ஈரத்தையும் ஒருங்கே அலட்சியம் செய்யும்; கேரளத்தில் வீடுகள் கட்டிய லாரி பேக்கர், கட்டடத்தோடு கட்டடமாகவே ஆசனங்களையும் தட்டுகளையும் அமைத்து மரச்சாமான் செலவை மிச்சம்பிடித்தது இந்த வழியில்தான்.

மலிவு இன்னும் வேண்டுமென்பவர்களுக்கு, சென்னை செல்லும் சாலையில் ஒரு வழி இருக்கிறது. ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், இருங்காட்டுக்கோட்டை வட்டாரத்துக் கார்த் தொழிற்சாலைகளுக்கு வெளிநாடுகளிலிருந்து உதிரி பாகங்களைச் சுமந்துவரும் பைன்மரப் பெட்டிகள் பிரிக்கப்பட்டுப் பழைய மரக்கடைகளுக்கு வருகின்றன. காருக்காக வந்த மரமே கார்க் கொட்டகைக்கு அலமாரியாவது பொருத்தமாகத்தான் இருக்கிறது. எனினும் வாங்குமுன் பலகையில் சுட்டிருக்கும் முத்திரையைப் படிக்கவேண்டும்: சர்வதேச விதிப்படி ‘ஹெச்.டி.’ என்றிருந்தால், மரத்தின் உட்பகுதிவரை 56 டிகிரி சூட்டில் 30 நிமிஷம் காய்ச்சிப் பூச்சி போக்கியது என்று பொருள், ‘எம்.பி.’ என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுவாயு ஏற்றியது, அது நமக்கு வேண்டாம். காய்ச்சிய மரமும் பிற்பாடு கரையானுக்கு இரையாகக் கூடியதே; முந்திரிக்கொட்டை எண்ணெய் பூசினால் தடுக்கலாம், ஆனால் கையுறையில்லாமல் பூசினால் தோல் பொத்துப்போகும்.

இனி, எதை எங்கே வைப்பது என்ற கேள்வி. வரதராஜப் பெருமாள் கோயிலில் அனந்தசரஸ் திருக்குளத்துக்குள் எழுந்தருளியிருக்கும் அத்திவரதர், 1979இல் வெளிவந்து, பின் 2019 ஜூலை 1 முதல் ஆகஸ்டு 17 வரை 48 நாட்கள் தரிசனம் தந்தருளியது நேயர்களுக்கு நினைவிருக்கும். பகவானை நம் பழைய டயரோடு சேர்த்துப் பேசுவது அபசாரமாகும். ஆயினும் அந்தச் சம்பிரதாயத்திலுள்ள ஒழுங்கை நாம் படித்துக்கொள்ளலாம். வைக்கும் இடம் நிச்சயம், எடுக்கும் காலம் நிச்சயம், மறுபடி வைக்கும் நாளும் நிச்சயம். நம் கொட்டகையில் நிச்சயமற்றவை இம்மூன்றுமே. தினம் எடுக்கும் ஸ்பானரும் துடைக்கும் துணியும் கைமட்டத்தில்; மாதம் ஒருமுறை எடுக்கும் பம்பும் ஆயிலும் அதற்குக் கீழே; கொலுப்படி போல வருஷம் ஒருமுறை இறங்குவது உச்சியில்; எப்போது எடுப்போம் என்று வீட்டில் எவராலும் சொல்ல முடியாத பொருள் பழைய இரும்புக்காரரிடம். இப்படிப் பிரித்தபின் நான் முதலில் திட்டமிட்ட அலமாரிகளில் பாதி அநாவசியமாகிவிட்டது. ராட்டையும் விழுதுக் கட்டும் மாத்திரம் இந்த நியாயத்துக்கு உட்படாமல் உச்சித்தட்டில் இடம்பெற்றன. அதை நியாயப்படுத்த நான் முயலப்போவதில்லை.

புதிதாக வீடு கட்டுகிறவர்களுக்கு இத்தனை பாடும் வேண்டியதில்லை. ஒன்பது அங்குலச் சுவரிலேயே, பாரம் இறங்கும் இடங்களைத் தவிர்த்து, மேலே ஒரு பலகைக்கல்லோ கான்கிரீட் பட்டையோ கொடுத்து, பாதிக் கனத்துக்குக் குழிவு விட்டுக் கட்டினால், ஆயில் டப்பாவும் கைக்கருவிகளும் அடங்குகிற நாலரை அங்குல ஆழமுள்ள மாடம் கிடைக்கும். செலவாவதற்குப் பதிலாகச் செங்கல்லில் சில மிச்சமும் ஆகும். ஆனால் இதைச் சுவர் இடுப்பளவு எழும்புவதற்கு முன்பே கொத்தனாரிடம் சொல்லிவிடவேண்டும். எழும்பிய சுவரைக் குடைய நல்ல கொத்தனார் எவரும் சம்மதிக்கமாட்டார். சம்மதிப்பவரிடம் வேலையை ஒப்படைக்கக் கூடாது.