எண்ணிக்கையில் இருந்தோம், ஏட்டில் இல்லை

"உன் பாட்டன் 1950-ல எந்த ஊர்ல இருந்தான்? ஆதாரம் கொண்டா." அத்திப்பள்ளி தாண்டினால் வேறு மாநிலம். இந்த எல்லையில் சாதிச் சான்றிதழுக்கு அலையும் நம் பிள்ளைகள் முன் நிற்கிற கேள்வி இதுதான். குடியரசுத் தலைவர் ஆணை வந்த 1950 ஆகஸ்ட் 10 அன்று குடும்பம் எந்த மாநிலத்தில் நிலையாகக் குடியிருந்ததோ, அங்கேதான் பட்டியல் சாதி உரிமை. பாட்டன் கோலார் தங்கவயலில் சுரங்கக் கூலி. பேரன் ஓசூர் சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி. காகிதம் இல்லையென்றால் இரண்டு பக்கமும் அவன் அடுத்த ஊர்க்காரன்.

பழைய மக்கள்தொகைக் கணக்கில் தேடலாமே என்கிறார்கள் படித்தவர்கள். தேடுங்கள் தோழர்களே! 1871 தொடங்கி பத்து வருஷத்துக்கொரு தடவை சேரியையும் எண்ணினார்கள். ஓசூர் அப்போது சேலம் ஜில்லா. அறிக்கையில் சாதிவாரியாகத் தொகை இருக்கிறது. பேர்? வீடுவாரியாக எழுதிய தாள்களைத் தொகை போட்டதும் அழித்துவிட்டார்கள். அதே வெள்ளைக்காரன் இங்கிலாந்தில் எடுத்த 1921 கணக்கை வீடு வீடாகப் பேரோடு பாதுகாத்து 2022-ல் திறந்துவிட்டான். அவனுக்குத் தாத்தா உண்டு. நமக்குக் கூட்டுத்தொகை!

வெள்ளைக்காரன் போன பிறகு? 1948 கணக்கெடுப்புச் சட்டம், 15ஆம் பிரிவு: பதிவேட்டைப் பார்க்க யாருக்கும் உரிமையில்லை, சிவில் வழக்கில் சாட்சியாகவும் செல்லாது. அந்தரங்கம் காக்கத்தானாம். காக்கட்டும். எழுதியதும் அரசு, பூட்டியதும் அரசு. பிறகு எந்த முகத்தோடு நம்மிடம் ஆதாரம் கேட்கிறது?

1860 முதல் 1911 வரை நேட்டால் கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறிய கூலிகளின் பட்டியல் இன்றும் இருக்கிறது: பேர், அப்பன் பேர், சாதி, ஊர், ஜில்லா. முதலாளிக்கு ஆளை அடையாளம் தெரியவேண்டுமே! ஊரிலேயே கிடந்து உழைத்தவனுக்கு அதுவும் இல்லை.

நான் வங்கிக் குமாஸ்தா. லெட்ஜரில் ஐந்து ரூபாய் இடித்தால் ராத்திரிவரை உட்காரவைத்துத் தேடச் சொல்வார்கள். ஐந்து ரூபாய்க்கு இருக்கிற ஏடு நம் பாட்டனுக்கு இல்லை.

பேரையாவது ஒழுங்காக வைத்தார்களா? 1922 அரசாணைக்கு முன் பறையர், பஞ்சமர். அதற்குப் பின் ஆதிதிராவிடர். எல்லை தாண்டிப்போன சித்தப்பன் வீடு ஆதி கர்நாடகா. ஒரே ரத்தம், மூன்று பேர். "உறவை நிரூபி" என்றால் எப்படி?

குடியிருப்பை விசாரித்து அறியும் பொறுப்பு அரசுடையது. அதைக் கேட்டுப் போராடுவோம். அதோடு, மாணவத் தோழர்களே, சேரிக் கிழவிகளிடம் போய் உட்காருங்கள். யாருக்கு யார் பிள்ளை, எந்தப் பஞ்சத்தில் எந்த ஊர் விட்டு வந்தார்கள், எங்கே புதைத்தார்கள், எல்லாம் அவர்களுக்குத் தெரியும். பேரோடு நோட்டில் எழுதுங்கள். 2027 கணக்கெடுப்பில் சாதி கேட்டு வருவார்கள். என்ன பதிகிறார்கள் என்று கூடவே நின்று பாருங்கள். நம் ஏட்டை இனி நாமே எழுதுவோம்.