'கே' என்ற ஒரு எழுத்துக்கு கூடுதல் காசு கொடுக்கலாமா? ஓவர்கிளாக்கிங்குக்கு ஏற்ற பிராசசர் எது?

இன்டெல் பிராசசரின் பெயருக்குப் பின்னால் 'கே' என்ற எழுத்து இருந்தால், அதன் வேகப் பூட்டு திறந்திருக்கிறது என்று அர்த்தம். நிறுவனம் நிர்ணயித்த வேகத்தைத் தாண்டி அதை ஓட வைக்கலாம். இதுதான் ஓவர்கிளாக்கிங். இந்த ஒரு எழுத்துக்காகவே கூடுதல் விலை கொடுப்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் காசுக்கு இன்றைக்கும் பலன் இருக்கிறதா?

ஒரு காலத்தில் இருந்தது. 1998-ல் வந்த செலரான் 300ஏ என்ற மலிவு விலை சிப், 300 மெகாஹெர்ட்ஸில் ஓட வேண்டியது. மதர்போர்டின் பஸ் வேகத்தை 66-ல் இருந்து 100-க்கு மாற்றி, அதை 450-ல் ஓட வைத்தார்கள். 50 சதவீத வேகம் சும்மா கிடைத்தது!

இப்போது அந்த லாபத்தை நிறுவனங்களே எடுத்துக்கொள்கின்றன. 2023 அக்டோபரில் வந்த 14900கே, பெட்டியைப் பிரித்து மாட்டியதுமே 6 ஜிகாஹெர்ட்ஸ் வரை தொடும். அதற்கு மேல் கொஞ்சம் ஏற்றுவதற்குள் கூலர் திணறிவிடும். வேகத்தைக் கூட்ட வோல்டேஜையும் கூட்ட வேண்டும் என்பதுதான் சிக்கல். வேகம் அப்படியே இருந்து, வோல்டேஜ் மட்டும் 10 சதவீதம் ஏறினாலே மின்செலவு சுமார் 21 சதவீதம் எகிறும். அத்தனையும் சூடாகத்தான் வெளியே வரும்.

இன்டெலில் நடந்தது என்ன?

13, 14-ம் தலைமுறை இன்டெல் சிப்கள் கேம் ஆடும்போது திடீர் திடீரென நின்றுபோவதாகப் புகார்கள் குவிந்தன. தேவைக்கு மேல் வோல்டேஜ் போனதே காரணம் என 2024 ஜூலையில் இன்டெல் ஒப்புக்கொண்டது. ஆகஸ்டில் மைக்ரோகோட் அப்டேட் வந்தது. பெட்டியில் விற்ற சிப்களின் வாரண்டி 3 ஆண்டிலிருந்து 5 ஆண்டாக நீட்டிக்கப்பட்டது. ஆனா, ஏற்கெனவே பழுதான சிப்பை எந்த அப்டேட்டும் சரிசெய்யாது. இதில் ஓவர்கிளாக்கிங் பக்கமே போகாதவர்களும் மாட்டினார்கள் என்பதுதான் கொடுமை. எனவே செகண்ட் ஹேண்டில் 13900கே மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், அது இத்தனை நாள் எவ்வளவு வோல்டேஜ் குடித்தது என்று யாருக்கும் தெரியாது. தவிர்ப்பதே நல்லது.

அப்போ எதை வாங்கலாம்?

கேம்தான் முக்கியம் என்றால் ஏஎம்டியின் ரைசன் 7 9800எக்ஸ்3டி. முந்தைய எக்ஸ்3டி சிப்களில் கூடுதல் கேஷ் மெமரி கோர்களின் தலைமேல் உட்கார்ந்து சூட்டை அடைத்துக்கொண்டது. அதனால் 7800எக்ஸ்3டி-யில் வேகப் பூட்டும் போட்டிருந்தார்கள். 2024 நவம்பரில் வந்த 9800எக்ஸ்3டி-யில் கேஷை கோர்களுக்கு அடியில் தள்ளினார்கள், பூட்டும் திறந்தது.

பட்ஜெட் கம்மி என்றால் ரைசன் 5 9600எக்ஸ் அல்லது ரைசன் 7 9700எக்ஸ். 65 வாட்டுக்கு வந்த இவற்றை, பயாஸ் அப்டேட் மூலம் வாரண்டி போகாமலே 105 வாட்டில் ஓட்ட ஏஎம்டி அனுமதிக்கிறது. இன்டெல்தான் வேண்டும் என்பவர்களுக்கு கோர் அல்ட்ரா 7 265கே. இதில் '200எஸ் பூஸ்ட்' என்ற வசதி மெமரி வேகத்தையும் சிப்பின் உள் இணைப்புகளின் வேகத்தையும் கூட்டும். அதுவும் வாரண்டிக்குள் வருகிறது. மற்றபடி சொந்தமாகச் செய்யும் ஓவர்கிளாக்கிங்கால் சிப் கெட்டால், இரண்டு நிறுவனங்களின் சாதாரண வாரண்டியும் கை கொடுக்காது.

மதர்போர்டிலும் கவனம் தேவை. 265கே-யை இசட்890 போர்டில் போட்டால்தான் கோர் வேகத்தை ஏற்ற முடியும். பி860-ல் போட்டால் 'கே'-வுக்குக் கொடுத்த காசு வீண். ஏஎம்டியில் பி650, பி850 போர்டுகளே போதும், ஏ620-ல் முடியாது.

இன்னொன்று, வெளிநாட்டு ரிவ்யூக்களில் வரும் வெப்ப அளவை அப்படியே நம்ப வேண்டாம். எந்தச் சாதாரண கூலராலும் சிப்பை அறை வெப்பத்துக்குக் கீழே கொண்டுபோக முடியாது. 23 டிகிரி அறையில் சோதித்த சிப், சென்னையில் 36 டிகிரி அறையில் ஓடும்போது குறைந்தது 13 டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். டிசம்பரில் நிலையாக ஓடிய செட்டிங், மே மாத மதியத்தில் புளூ ஸ்கிரீன் காட்டினால் பழுது சிப்பில் இருக்க வேண்டும் என்பதில்லை. முதலில் வேகத்தை ஒரு படி குறைத்துப் பார்க்கலாம்.