எழுத்து அதே, வார்த்தை வேறு: ஒரு 'எஸ்' இடம் மாறியதில் ஒரு நாள் கூலி போச்சு!

எங்கள் தெருவில் ஓர் அக்கா இருக்கிறார். தூத்துக்குடி உப்பளத்தில் தினக்கூலி வேலை. மகளுக்குக் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை கேட்டு ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வேண்டும் என்று, போன மாதம் ஒரு ராத்திரி எட்டு மணிக்கு வந்து நின்றார். "நீ பேப்பர்ல எழுதுதல்லா, இதக் கொஞ்சம் டைப் அடிச்சுத் தாயேன் பிள்ள." அடித்துக் கொடுத்தேன். போன் திரையில் ஒரு சிவப்புக் கோடுகூட விழவில்லை. எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

மறுநாள் வேலையை விட்டுவிட்டு மகளோடு போனவர், கடிதத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு வார்த்தையைச் சுற்றி பேனாவால் வட்டம். 'கேஷுவல் லேபர்' என்று அடிக்க வேண்டிய இடத்தில் 'காஸல் லேபர்' என்று அடித்திருக்கிறேன். சரியானது சி, ஏ, எஸ், யு, ஏ, எல். நான் அடித்தது சி, ஏ, யு, எஸ், ஏ, எல். எஸ்ஸும் யுவும் இடம் மாறியதில் 'தற்காலிகத் தொழிலாளி' என்பது 'காரணம் சார்ந்த தொழிலாளி' ஆகிவிட்டது. திருத்திக் கொடுத்தேன். அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க அக்காவுக்கு இன்னொரு நாள் கூலி போனது. "பரவால்ல பிள்ள, ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரிதான இருக்கு" என்றார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

ஒரே எழுத்துகள், ஒரே எண்ணிக்கை, வரிசை மட்டும் வேறு. இப்படிப்பட்ட வார்த்தைகளை ஆங்கிலத்தில் 'அனகிராம்' என்பார்கள். புதிர்ப் பக்கத்தில் பார்த்தால் இது விளையாட்டு. விண்ணப்பத்தில் வந்தால் வினை. போனில் இருக்கும் எழுத்துப்பிழை திருத்தி, பெரும்பாலும் 'இந்த வார்த்தை அகராதியில் இருக்கிறதா' என்றுதான் பார்க்கும். காஸலும் அகராதியில் இருக்கிறதே, எப்படிப் பிடிக்கும்?

ஆபத்தான ஜோடிகள் இன்னும் உண்டு. 'ஃபார்ம்' என்று அடிக்கப் போய் 'ஃப்ரம்' என்று விழாத ஆளே இருக்க முடியாது. திருமணமானவரா என்று கேட்கும் 'மேரிட்டல் ஸ்டேட்டஸ்', ஓர் எழுத்து நகர்ந்தால் 'மார்ஷியல் ஸ்டேட்டஸ்' ஆகிவிடும். அதாவது, போர்க்கள நிலவரம். (சில வீடுகளில் இரண்டும் ஒன்றுதான் என்கிறார் எங்கள் டெஸ்க் சீனியர்.) 'யுனைட்டட்' என்றால் இணைந்தது. ஐயையும் டியையும் மாற்றிப் போட்டால் 'அன்டைட்', அவிழ்ந்தது. சங்கத்தின் பெயர்ப் பலகை எழுதுகிறவர்கள் கவனிக்கவும்.

அந்த வட்டத்தைப் பார்த்ததிலிருந்து, எங்கள் கடற்கரையின் ஆங்கில வார்த்தைகளை ஒவ்வொன்றாகக் கலைத்துப் பார்க்கும் பைத்தியம் பிடித்துவிட்டது. கடலைக் குறிக்கும் 'ஓஷன்' என்ற வார்த்தையின் ஐந்து எழுத்துக்குள்ளேயே ஒரு சிறு படகு மிதக்கிறது: 'கனூ'. 'கோரல்' பவளம், கலைத்தால் 'கேரல்', டிசம்பர் இரவுகளில் வீடு வீடாக வருகிற அதே கேரல். முத்துச்சிப்பியான 'ஆய்ஸ்ட'ருக்குள் 'ஸ்டோரி' இருக்கிறது. கதை இல்லை, இ-ஒய் என்று முடியும் மாடி.

எனக்கு ரொம்பப் பிடித்தது 'ஷோர்'. கடற்கரை. எஸ், எச், ஓ, ஆர், இ. இந்த ஐந்தையும் கலைத்தால் 'ஹார்ஸ்'. கடற்கரைக்கும் குதிரைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்காதீர்கள், எங்கள் பக்கத்தில் சம்பந்தம் உண்டு. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, தாமிரபரணி முகத்துவாரத்தில் இருந்த காயல் துறைமுகத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். ஹோர்முஸிலிருந்தும் ஏடனிலிருந்தும் வந்த கப்பல்கள், பாண்டிய நாட்டுக்குக் குதிரைகளை இறக்கிய கரை அது. இனி ஷோருக்கு எழுத்து மறக்குமா?

'டைவர்' என்றால் முத்துக் குளிப்பவர். கலைத்தால் 'டிரைவ்'. 'பேர்ல்' என்ற முத்தைக் கலைத்தால் 'பேலர்', இன்னும் வெளிறியது. மன்னார் வளைகுடாவில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961-ல். அதன் பிறகு ஊரின் அடையாளம் முத்திலிருந்து உப்புக்கு மாறியது என்று சொல்லலாம். நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு எங்கள் மாவட்டத்தினுடையது. ஆனால் உப்புக்கு ஆங்கிலத்தில் 'சால்ட்', அதைக் கலைத்தால் 'லாஸ்ட்'. அக்காவின் மகளிடம் இதைச் சொன்னபோது சிரிக்கவில்லை.

சங்குக்கும் ஒரு கதை உண்டு. ஆங்கில அகராதியில் 'சேங்க்' என்று ஏறியிருப்பது நம் சங்குதான். மதராஸ் மாகாண மீன்வளத் துறையில் இருந்த ஜேம்ஸ் ஹார்னெல் 1914-ல் 'தி சேக்ரட் சேங்க் ஆஃப் இந்தியா' என்று ஒரு நூலே எழுதினார். 'சேக்ரட்' என்றால் புனிதமான. அச்சுக் கோப்பவர் சியையும் ஏயையும் மாற்றிக் கோத்திருந்தால், 'பயந்துபோன இந்தியச் சங்கு' என்றல்லவா வந்திருக்கும்!

கலைக்கவே முடியாததும் இருக்கிறது. கட்டுமரத்திலிருந்து ஆங்கிலம் எடுத்துக்கொண்ட 'கேட்டமரான்'. ஒன்பது எழுத்தில் நான்கு ஏ. ஒரு ஞாயிறு முழுக்க முயன்றும் வேறு வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. நன்றாகத்தான் கட்டியிருக்கிறார்கள்.

எழுத்து இடம் மாறினால் மாட்டிக்கொடுக்கும் ஏற்பாடு ஒன்று எங்கள் துறைமுகத்திலேயே இருக்கிறது. லாரியில் போகும் கன்டெய்னரைக் கவனித்துப் பாருங்கள். நான்கு எழுத்து, ஆறு எண், அப்புறம் கடைசியில் ஒற்றை எண். முதல் மூன்று எழுத்துகள் உரிமையாளரைச் சொல்லும், நான்காவது பெரும்பாலும் யு. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு உண்டு. எந்த இடத்தில் நிற்கிறதோ அதற்கேற்ப அதை 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, 11-ஆல் வகுத்து வரும் மீதிதான் அந்தக் கடைசி எண். மீதி 10 வந்தால் 0 என்று போடுவார்கள். எழுதுகிறவர் இரண்டு எழுத்தை முன்பின்னாகப் போட்டால், பெரும்பாலும் கணக்கு உதைக்கும். இரும்புப் பெட்டிக்கு இருக்கிற இந்தப் பாதுகாப்பு, அக்காவின் கடிதத்துக்கு இல்லை.

அதனால் நான் இப்போது செய்வது இதுதான். போனின் நோட்ஸில் இந்த ஜோடிகளை எழுதி வைத்திருக்கிறேன். யாருக்காவது கடிதம் அடித்தால், அனுப்புவதற்கு முன் அந்த வார்த்தைகளை மட்டும் ஒவ்வோர் எழுத்தாகத் தொட்டுப் படிக்கிறேன். இரண்டு நிமிடம் ஆகிறது.

தமிழிலும் இது உண்டு, ஆனால் நம் எழுத்துகள் அதிகம் என்பதால் ஜோடிகள் குறைவு. முத்துச் சரத்தின் 'சரம்' ரசமாகும். 'தரம்' ரதமாகும். 'கதவு' தகவாகும். வீட்டில் இருக்கும் குட்டீஸிடம் கேட்டுப் பாருங்கள்.

போன வாரக் கேள்வி: 'ஹார்ட்' என்ற இதயத்தைக் கலைத்தால்? விடை, 'எர்த்', பூமி. 'ஹேட்டர்' என்று அனுப்பிய வாசகர்களே, அதுவும் சரிதான், ஆனால் யார் மேல் கோபம்?

இந்த வாரம் 'லிஸன்', கவனித்துக் கேள். ஆறு எழுத்து. இதே ஆறில் இன்னும் நான்கு வார்த்தைகள் வேண்டும். ஒன்று உங்கள் போனில் இருக்கிறது. ஒன்று ராணுவத்தில் சேருவது. ஒன்று கிறிஸ்துமஸ் மரத்தில் மினுங்குகிறது. இன்னொன்று, கடல் நிலத்துக்குள் நுழைகிற இடங்கள். விடை அடுத்த வாரம்.