மூலிகையும் அது முளைத்த மண்ணும்

கோலார் தங்கவயல் என்றதும் நம் நினைவுக்கு வருவது தங்கம். 1880-இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் தொடங்கிய சுரங்க வேலை 2001 பிப்ரவரி இறுதியில் நின்றது. வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் அங்குச் சென்று தலைமுறை தலைமுறையாக உழைத்தன. விஞ்ஞானத்துக்கும் அவ்வூர் பெரிய உதவி செய்திருக்கிறது. 1965-ஆம் ஆண்டில் பூமிக்குள் வெகு ஆழத்தில் இருந்து கொண்டு, டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தார் வானிலிருந்து வரும் நியூட்ரினோக்களின் தடயத்தைக் கண்டறிந்தார்கள். இன்று அதே ஊரில், பூமியின் மேற்பரப்பிலேயே, மற்றோர் ஆராய்ச்சிக்கு இடமிருக்கிறது. அது மூலிகைகளைப் பற்றியது.

தங்கத்தைப் பிரித்தெடுக்கும் பொருட்டுக் கல்லை மாவாக அரைத்துச் சயனைடு கரைசலில் ஊறவைப்பார்கள். 1887-இல் ஸ்காட்லாந்தில் கண்டுபிடிக்கப்பட்ட முறை இது. தங்கம் போக எஞ்சிய மணல் தங்கவயலில் மேடு மேடாகக் கொட்டப்பட்டது. அவற்றை ஊரார் சயனைடு மேடுகள் என்பர். அவற்றில் மொத்தம் 3 கோடி டன்னுக்கு மேற்பட்ட மணல் இருக்கிறது. காற்றடிக்கும் காலத்தில் அதன் தூசி வீடுகளிலும் தோட்டங்களிலும் படிகிறது.

இந்த மேடுகளைப் பசுமையாக்க வேண்டும் என்பதில் கருத்து வேற்றுமை இருக்க முடியாது. எதைப் பயிரிடுவது என்பதே கேள்வி. வறண்ட நிலத்திலும் வளரக்கூடிய நித்தியகல்யாணி, ஆவாரை, நிலாவரை போன்ற மூலிகைகளை இங்கே வளர்த்து வருமானம் தேடலாம் என்ற யோசனை எவருக்கும் எளிதில் தோன்றும். நித்தியகல்யாணியிலிருந்து புற்றுநோய்க்கு எதிரான மருந்தொன்று 1958-இல் கனடாவில் பிரித்தெடுக்கப்பட்டது என்பதையும் நாம் அறிவோம். எனினும் மருந்துக்காக உட்கொள்ளும் எந்தச் செடியையும் இந்த மேடுகளில் பயிரிடலாகாது என்பதே என் கருத்து. காரணத்தைக் கூறுகிறேன்.

சயனைடின் பெரும்பகுதி வெயிலிலும் காற்றிலும் நாளடைவில் சிதைந்துவிடும். ஆனால் கல்லோடு வந்த உலோகங்கள் சிதைவதில்லை. தங்கத் தாதுவோடு கந்தகமும் ஆர்செனிக்கும் கலந்த கனிமங்கள் சேர்ந்திருப்பது உலகின் பல சுரங்கங்களில் காணப்படுவதே. மண்ணில் உள்ளதைச் செடி தெரிந்தோ தெரியாமலோ உறிஞ்சிக் கொள்கிறது. ஈயம் பெரும்பாலும் வேரிலேயே தங்கிவிடும். காட்மியமோ இலைவரை எளிதில் ஏறும். நம் நாட்டுச் சுவர்களிலும் வாய்க்கால் ஓரங்களிலும் காணப்படும் ஒருவகைப் பெரணி, ஆர்செனிக்கை மண்ணிலிருந்து இழுத்துத் தன் இலைகளில் பெருமளவு சேர்த்து வைக்கிறது. இதை அமெரிக்காவில் ஃபுளோரிடா ஆராய்ச்சியாளர்கள் 2001-இல் வெளியிட்டார்கள். அப்பெரணி வாடுவதில்லை, செழிப்பாகவே வளர்கிறது. ஆதலால் பச்சைப் பசேலென்று இருக்கும் செடி நல்ல செடி என்று கண்ணால் பார்த்து முடிவு கட்ட இயலாது. கஷாயமாகக் காய்ச்சினாலும் பயனில்லை. உலோகத்தைத் தீ அழிக்காது.

இது வெறும் அச்சமன்று. அமெரிக்காவின் பாஸ்டன் நகரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்தபோது, 14-இல் ஈயம், பாதரசம் அல்லது ஆர்செனிக் இருந்ததாக 2004-இல் ஓர் அறிக்கை வெளிவந்தது. அதன் பின், ஏற்றுமதியாகும் மூலிகை மருந்துகளுக்கு உலோகச் சோதனை 2006 ஜனவரி முதல் நம் நாட்டில் கட்டாயமாக்கப்பட்டது. பத்து லட்சம் பங்கில் ஈயம் 10, ஆர்செனிக் 3, பாதரசம் 1, காட்மியம் 0.3 பங்குக்கு மேல் இருத்தலாகாது என்பது வரம்பு. வெளிநாட்டாருக்கு அனுப்பும் மருந்துக்குக் காட்டும் இந்தக் கவனத்தை, வீட்டு முற்றத்தில் பறித்து அரைத்துக் குழந்தைக்குக் கொடுக்கும் கீழாநெல்லிக்கு யார் காட்டுவது?

கீழாநெல்லி நமக்கு மற்றொரு பாடத்தையும் கற்பிக்கிறது. 1988-இல் சென்னை ஆராய்ச்சியாளர்கள், மஞ்சட்காமாலைக்குக் காரணமான ஒரு வைரஸை உடலில் தாங்கியிருந்தவர்களுக்கு இச்செடியின் பொடியை ஒரு மாத காலம் கொடுத்தார்கள். 37 பேரில் 22 பேருக்கு அவ்வைரஸின் அடையாளம் இரத்தத்திலிருந்து மறைந்தது. வெற்றுப் பொடி பெற்ற 23 பேரில் ஒருவருக்கே மறைந்தது. உலகமே வியந்தது. ஆனால் பின்னர் வேறு நாடுகளில் செய்த சோதனைகளில் அதே பலன் கிட்டவில்லை. கீழாநெல்லி என்ற ஒரே பெயரில் பல இனங்கள் விற்கப்படுகின்றன என்பதும், விளைந்த இடமும் பறித்த பருவமும் செடியின் சத்தை மாற்றும் என்பதும் அப்போது விவாதத்துக்கு வந்தன. செடியின் பெயர் மட்டும் போதாது. எந்த மண்ணில், எப்போது பறித்தது என்பதும் சேர்ந்தால்தான் ஆராய்ச்சி ஆராய்ச்சியாகும்.

அப்படியானால் மேடுகளை என் செய்வது? உண்ணாத பயிர்களை நடலாம். வெட்டிவேர் மண் அரிப்பைத் தடுக்கும். உலோகம் மிகுந்த மண்ணையும் தாங்கும். அதன் வேரையும் எலுமிச்சைப் புல்லையும் நீராவியால் வடித்தெடுக்கும் எண்ணெயில் உலோகங்கள் பெரும்பாலும் வருவதில்லை. அவை சக்கையிலேயே நின்றுவிடும். எனினும் எண்ணெயைச் சோதித்த பிறகே விற்க வேண்டும். சக்கையை மாட்டுக்குப் போடவோ எருவாக்கவோ கூடாது. இவ்வாறு செய்தால் தூசியும் அடங்கும், ஓரளவு வருவாயும் கிட்டும். இதனால் வருமானம் குறையும் என்று சிலர் சொல்லலாம். குறையத்தான் செய்யும். சுரங்கத் தூசியால் நுரையீரல் கெட்ட தொழிலாளரைக் கண்ட ஊரில், மருந்தின் பெயரால் இன்னொரு நஞ்சைச் சேர்க்காதிருப்பதற்கு அது அதிக விலையன்று.

இதில் ஆசிரியர்களுக்கும் களப்பணியாளர்களுக்கும் பெரும்பங்கு உண்டு. பள்ளிதோறும் உலர்செடித் தொகுப்பு ஒன்று அமைக்கலாம். ஒவ்வொரு செடியோடும் அதன் ஊர்ப்பெயர், எடுத்த இடம், மேட்டிலிருந்து தூரம், நாள், பூத்ததா காய்த்ததா என்ற குறிப்பு ஆகியவற்றை மாணவர்களே எழுதி வைக்கட்டும். செடியின் அடியில் இருந்த மண்ணில் ஒரு கைப்பிடியும் தனிப்பையில் இருக்கட்டும். உலோகத்தை அளக்கும் கருவி பள்ளியில் இல்லை, ஆய்வுக்கூடங்களில் உண்டு. ஆனால் குறிப்பில்லாத செடியை எந்த ஆய்வுக்கூடமும் பயன்படுத்த முடியாது. களப்பணியாளர்கள் வீடு வீடாகச் செல்லும்போது, மேட்டின் ஓரத்திலும் அதன் வடிகால் வழியிலும் மூலிகை பறிக்க வேண்டாம் என்று தாய்மார்களுக்கு எடுத்துச் சொல்லலாம். தெரிந்த நல்ல மண்ணை இட்டு ஒரு தொட்டியில் வளர்க்கச் சொல்லலாம்.

பாட்டி கூறிய மருந்தை இகழ்வது விஞ்ஞானமன்று. அதை அப்படியே ஏற்பதும் விஞ்ஞானமன்று. பாட்டி பறித்த காலத்து மண் வேறு, இன்றைய மண் வேறு என்பதை உணர்ந்து, அளந்து பார்த்தபின் கொடுப்பதே அவளுடைய அறிவுக்கு நாம் செய்யும் மரியாதையாகும்.