சாவி கைமாறியது, கதவு திறந்ததா?

சிதம்பரம் என்றால் வெளியூரார்க்கு நினைவுக்கு வருவது கோயில். ஆனால் காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கூலி உழவனுக்கும், பரங்கிப்பேட்டை மீனவனுக்கும், நெய்வேலிச் சுரங்கத் தொழிலாளிக்கும் நினைவுக்கு வரவேண்டியது இன்னொன்று இருக்கிறது. புகைவண்டிப் பாதைக்குக் கிழக்கே, அண்ணாமலை நகரில் ஓங்கி நிற்கும் பல்கலைக் கழகம்தான் அது!

அது யாருடையது? சட்டப் புத்தகத்தைப் புரட்டினால் விடை எளிது. 2013 முதல் அது சர்க்கார் பல்கலைக் கழகம். ஆனால் சட்டப் புத்தகத்தில் பொதுச் சொத்தாக இருப்பது வேறு. ஏழை வீட்டுப் பிள்ளை தலைநிமிர்ந்து நுழையும் பொது இடமாக இருப்பது வேறு. முதலாவது நடந்துவிட்டது. இரண்டாவது முழுமையாக நடந்ததா? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

வரலாற்றைச் சற்றே திரும்பிப் பார்ப்போம். 1920இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார் அண்ணாமலை செட்டியார். பிறகு தமிழுக்கு ஒரு கல்லூரி, வடமொழிக்கு ஒரு கல்லூரி என்று வளர்ந்தது. தமிழ்க் கல்லூரிக்கு டாக்டர் உ. வே. சாமிநாத ஐயர் தலைவராக இருந்தார். இந்தக் கல்லூரிகளையும் 20 இலட்சம் ரூபாயையும் செட்டியார் வழங்க, சென்னை மாகாண சர்க்காரும் நிதியளிக்க, சட்டமன்றம் சட்டம் செய்ய, 1929இல் பல்கலைக் கழகம் பிறந்தது. வெறும் பரீட்சை நடத்திப் பட்டம் கொடுக்கும் அலுவலகமாக அல்லாமல், ஆசிரியரும் மாணவரும் ஒரே இடத்தில் தங்கிக் கற்கும் உறைவிடப் பல்கலைக் கழகமாக அமைந்தது.

அங்கே முதல் தமிழ்ப் பேராசிரியராக அமர்ந்தவர் ஈழம் தந்த விபுலாநந்த அடிகள். அவருக்குப் பின் நாவலர் சோமசுந்தர பாரதியார் வந்தார். தமிழ் இசைக்குத் தமிழ்நாட்டிலேயே இடமில்லை என்றிருந்த காலத்தில், தமிழிசை இயக்கத்துக்கு அடித்தளம் போட்ட இடங்களுள் அதுவும் ஒன்று. கொடுத்தவர் கொடுத்தார், அந்தக் கொடையால் தமிழ் வளர்ந்தது. இதைச் சொல்ல நமக்குத் தயக்கம் இல்லை. நன்றி மறப்பது நம் பழக்கமும் அல்ல.

ஆனால் நன்றி வேறு, சாசனம் வேறு. கொடையோடு ஒரு கயிறும் சேர்ந்தே வந்தது. அந்தச் சட்டப்படி வேந்தர், ஆளுநர். அவருக்கு அடுத்த இணைவேந்தர் பதவி நிறுவியவருக்கு. அவருக்குப் பின் அவருடைய வாரிசுகளுக்கு! துணைவேந்தர் வேண்டுமா? நிறுவியவர் குடும்பம் மூன்று பெயர்களை எழுதிக் கொடுக்கும். அந்த மூவருள் ஒருவரை வேந்தர் பொறுக்கிக் கொள்ளலாம்.

1948இல் அண்ணாமலை செட்டியார் மறைந்தார். மகன் முத்தையா செட்டியார் இணைவேந்தரானார். 1984இல் அவர் மறைந்தார். அவருடைய மகன் இராமசாமி இணைவேந்தரானார். மருத்துவர் மகன் மருத்துவராக வேண்டுமானால் படிக்க வேண்டும், தேற வேண்டும். இணைவேந்தர் மகன் இணைவேந்தராகப் பிறந்தால் போதும்! பரம்பரை ஜமீன்களையும் மன்னர் மானியங்களையும் ஒழித்த நாட்டில், ஒரு கல்விக்கூடத்தின் சாவி மட்டும் எண்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே வீட்டில் தொங்கியது.

இந்தச் சிதம்பரத்திலேயே இன்னொரு கல்வி வரலாறும் உண்டு. மாளிகையிலிருந்து வந்ததல்ல அது, மடத்திலிருந்து வந்தது. பல்கலைக் கழகத்துக்குப் பதின்மூன்று ஆண்டுகளுக்கு முன்பே, 1916இல், சுவாமி சகஜானந்தர் நந்தனார் பெயரால் ஒரு பள்ளியைத் தொடங்கினார். எந்தப் பிள்ளைகளைத் தெருவுக்குள்ளேயே விட மறுத்தார்களோ அந்தப் பிள்ளைகளை அழைத்து உட்கார வைத்து எழுத்தறிவித்தார். கல்விக்குப் பெரும்பணம் வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் பணம் மட்டுமே பள்ளி கட்டும் என்பது பொய் என்று அந்த நந்தனார் பள்ளி சொல்லவில்லையா?

பல்கலைக் கழகத்தின் வரலாற்றை எழுதியவர்களும் அதன் சொந்தக்காரர்கள் மட்டுமல்லர். 1965 ஜனவரி 27ஆம் நாள், இந்தித் திணிப்பை எதிர்த்து ஊர்வலம் வந்த மாணவர்கள்மீது போலீசார் சுட்டனர். மாணவன் இராசேந்திரன் குண்டுக்கு இரையாகி மடிந்தான். அவனுடைய சிலை இன்றும் அங்கே நிற்கிறது. பணம் கொடுத்தவருக்குச் சிலை இருப்பது போலவே, உயிர் கொடுத்தவனுக்கும் சிலை இருக்கிறது. நாம் எந்தச் சிலையின் முன்னால் நின்று யோசிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் அடங்கியிருக்கிறது.

2012இல் குட்டு வெளிப்பட்டது. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் வேலை பார்த்த அந்த நிறுவனத்தில் சம்பளம் கொடுக்கப் பணம் இல்லை என்றார்கள். சம்பளத்தைக் குறைப்போம், ஆட்களைக் குறைப்போம் என்ற பேச்சு எழுந்தது. கணக்கெழுதியவர்கள் யார்? வரவு பாராமல் ஆள் சேர்த்தவர்கள் யார்? அவர்கள் வீட்டு அடுப்பு அணையப் போவதில்லை. காவலாளியின் அடுப்பும், தோட்டத் தொழிலாளியின் அடுப்பும்தான் அணையும்! ஆசிரியரும் ஊழியரும் கொதித்தெழுந்து போராடினர். 2013 ஏப்ரலில் சர்க்கார் தன் அதிகாரியை நிர்வாகியாக நியமித்தது. அதே ஆண்டில் புதுச் சட்டம் வந்தது. பரம்பரை இணைவேந்தர் பதவி ஒழிந்தது. ஆளுநர் வேந்தராகவும் உயர்கல்வி அமைச்சர் இணைவேந்தராகவும் ஆயினர்.

சாவி கைமாறியது. கதவு திறந்ததா?

அங்கேயுள்ள மருத்துவக் கல்லூரியைப் பாருங்கள். சர்க்கார் எடுத்துக்கொண்டு ஏழு ஆண்டுகள் கழித்தும், மற்ற சர்க்கார் கல்லூரிகளில் ஆண்டுக்கு 13,610 ரூபாயாக இருந்த மருத்துவப் படிப்புக் கட்டணம், இங்கே 5 இலட்சத்துக்கு மேல்! பலகையில் சர்க்கார்; பணப் பெட்டியில் தனியார்! 2020 டிசம்பரில் மாணவர்கள் போராட்டத்தில் இறங்கினர். 50 நாட்களுக்கு மேல் உறுதி குலையாமல் நின்றனர். 2021 தொடக்கத்தில் கல்லூரி மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் வந்தது. கட்டணமும் மற்ற சர்க்கார் கல்லூரிகளின் அளவுக்கு இறங்கியது. 2013இல் சட்டம் செய்யாததை 2021இல் போராட்டம் செய்தது. பாடம் புரிகிறதா, தோழர்களே?

"சர்க்கார் நம்முடையதாக இருந்தால் போதாதா?" என்று நம் தோழர்களுள் சிலர் கேட்கக் கூடும். அவர்களுக்குக் கடல் கடந்த ஆஸ்திரேலியாவின் கதையைச் சொல்லுகிறோம். மெல்போர்ன் பல்கலைக் கழகம் 1853இல் சட்டத்தால் நிறுவப்பட்டது. அதன் கட்டடங்களை எழுப்பிக் கொண்டிருந்த கல் தச்சர்கள் 1856 ஏப்ரல் 21ஆம் நாள் உளியைக் கீழே வைத்துவிட்டு ஊர்வலம் கிளம்பினர். 'எட்டு மணி நேர வேலை, கூலிக் குறைவு கூடாது' என்பது கோரிக்கை. வென்றார்கள்! சிக்காகோவுக்கு முப்பது ஆண்டுகள் முந்திய வெற்றி அது. ஆனால் அந்தக் கல்லை அடுக்கியவனின் பிள்ளை அந்தக் கட்டடத்துக்குள் கட்டணமின்றிப் படிக்க நூற்றாண்டுக்கு மேல் காத்திருக்க வேண்டியிருந்தது. 1974இல்தான் விட்லம் தலைமையிலான தொழிற்கட்சி ஆட்சி பல்கலைக் கழகக் கட்டணத்தை நாடு முழுவதும் ஒழித்தது.

கதை அங்கே முடியவில்லை. 1989இல் கட்டணம் திரும்பி வந்தது. படிக்கும்போது கடன்; வேலைக்குப் போய்ச் சம்பளம் ஓர் அளவைத் தாண்டினால் வரியோடு வசூல் என்ற ஏற்பாடு. கொண்டு வந்தது யார்? பணக்காரர் கட்சியா? இல்லை, அதே தொழிற்கட்சி ஆட்சி! ஒழித்த கையே மீண்டும் எழுதியது. நம்மவர் ஆட்சி என்று தொண்டன் உறங்கிவிட்டால், பெற்ற உரிமை அவன் கையிலிருந்தே நழுவும். இதை எந்தக் கட்சித் தொண்டனும் மறக்கக் கூடாது. நாமும் மறக்கக் கூடாது.

ஆகவே நாம் கோருவது என்ன?

முதலாவது, பல்கலைக் கழகத்தின் சம்பளமும் ஓய்வூதியமும் மாணவன் கட்டும் பணத்தை நம்பி நிற்கக் கூடாது. பொதுக் கருவூலம் பொறுப்பேற்க வேண்டும். கட்டணத்தில் ஓடும் பல்கலைக் கழகம் கடைதானே தவிர, கல்விக்கூடம் அல்ல.

இரண்டாவது, மருத்துவத்தில் வந்த நீதி எல்லாப் படிப்புக்கும் வரவேண்டும். 2021க்குப் பிறகு கடலூர், விழுப்புரம், கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரிகளும் இந்தப் பல்கலைக் கழகத்தோடு இணைந்திருக்கின்றன. அவற்றில் படிப்பவர்களில் பலர், வீட்டில் முதன் முதலாகக் கல்லூரிப் படி ஏறியவர்கள். பரீட்சைக் கட்டணம் நூறு ரூபாய் ஏறினால் அங்கே ஒரு வீட்டின் இரண்டு வேளைச் சோறு குறைகிறது.

மூன்றாவது, தொகுப்பூதியம், தினக்கூலி என்ற பெயரால் ஆண்டுக் கணக்கில் காத்து நிற்கும் ஊழியர்களுக்குப் பணி நிரந்தரம் வேண்டும். பெருக்குபவன் இல்லாமல் வகுப்பறை இல்லை. சமைப்பவன் இல்லாமல் விடுதி இல்லை.

நான்காவது, ஆண்டுக் கணக்கு ஊரறியத் தமிழில் வெளிவர வேண்டும்; ஆட்சிக்குழுவில் கடைநிலை ஊழியனின் குரலும் வாக்குரிமையோடு ஒலிக்க வேண்டும். 2012இல் அந்தக் கணக்கு எல்லோர் கண்ணிலும் பட்டிருந்தால், கப்பல் கவிழும் வரை யார்தான் வாய்மூடி இருந்திருப்பார்கள்?

இவை வானத்து நட்சத்திரங்கள் அல்ல. கேட்டால் கிடைப்பவை, கேட்காவிட்டால் கிடைக்காதவை. ஒரு குடும்பத்தின் கையிலிருந்து சர்க்காரின் கைக்கு வந்த சாவி, இனி மக்கள் கைக்கு வரவேண்டும். அதற்காகப் பேசுங்கள், கிளைக்குக் கிளை, ஆலைக்கு ஆலை, தெருவுக்குத் தெரு பேசுங்கள். நந்தன் வாசலில் நின்ற ஊர் இது. அவன் வழிவந்த பிள்ளைகள் இன்னொரு வாசலில் நிற்க நாம் விடலாமா?