பில் மட்டும் பேசினால் போதுமா?

ஒரு நிறுவனத்தின் கம்ப்யூட்டரில் தயாராகும் ஆர்டரையோ பில்லையோ இன்னொரு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் நேரடியாகப் படித்துக்கொள்வதுதான் ஈடிஐ எனப்படும் எலெக்ட்ரானிக் டேட்டா இன்டர்சேஞ்ச். பில்லை பிடிஎஃப் பைலாக ஈமெயிலில் அனுப்புவது ஈடிஐ ஆகாது. அங்கே யாராவது அதைப் பார்த்து மறுபடியும் டைப் செய்யத்தானே வேண்டும்?

இதற்காக ஐ.நா. அமைப்பு 1987-லேயே எடிஃபேக்ட் என்ற பொது வடிவத்தைக் கொண்டுவந்தது. ஆர்டர், சரக்கு அனுப்பிய தகவல், பில் என்று ஒவ்வொன்றுக்கும் அதில் தனித்தனி அமைப்பு உண்டு. பெரிய கம்பெனிகளுக்கு மட்டும்தான் இதெல்லாம் என்று நினைக்கிறீர்களா? ஏழாயிரம்பண்ணை, சாத்தூர், சிவகாசி பக்கம் பாதி ஈடிஐ ஏற்கெனவே வந்துவிட்டது. அதுதான் ஜிஎஸ்டி ஈ-இன்வாய்ஸ். 2020 அக்டோபரில் 500 கோடி ரூபாய்க்கு மேல் விற்றுமுதல் உள்ளவர்களுக்குக் கட்டாயமான இது, 2023 ஆகஸ்ட் முதல் 5 கோடியைத் தாண்டியவர்களுக்கும் வந்துவிட்டது. பில் ஜேசான் வடிவில் அரசின் போர்ட்டலுக்குப் போகிறது. 64 எழுத்துகள் கொண்ட பதிவு எண்ணும் க்யூஆர் கோடும் திரும்பி வருகின்றன. லாரிக்கான ஈ-வே பில்லையும் அதே விவரங்களிலிருந்து எடுக்கலாம்.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் பில் என்பது வியாபாரத்தின் கடைசிப் படி. முதல் படியான ஆர்டரை போனில் கேட்டு எழுதினால், எழுதும்போது நேர்ந்த பிழை அப்படியே பில்லில் ஏறும். அரசின் போர்ட்டல் அதற்கும் பதிவு எண் கொடுத்துவிடும்!

இதற்குக் காரணம் சாப்ட்வேர் இல்லாதது அல்ல, பொதுவான பொருள் கோடு இல்லாதது. நாம் புஸ்வாணம் என்பது விலைப்பட்டியலில் பிளவர் பாட், வடநாட்டு வியாபாரிக்கு அனார். ஜிஎஸ்டிக்கோ புஸ்வாணம், சரவெடி, ராக்கெட் எல்லாமே 36041000 என்ற ஒரே எண். வரி கணக்கிட அது போதும். எந்தப் பெட்டியை லாரியில் ஏற்றுவது என்று அது சொல்லாது. தவறான சரக்கு போய்விட்டால், பட்டாசைத் துணி பார்சல் போல கூரியரில் திருப்பி வாங்கவும் முடியாது. தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் இப்படி நடந்தால் நஷ்டம் சிறு ஆலையின் தலையில்தான்.

டான்ஃபாமா போன்ற உற்பத்தியாளர் சங்கங்கள் இதில் முன்வர வேண்டும். வகை, அளவு, பெட்டிக்கு எத்தனை என்ற விவரங்களுடன் ஒரு பொதுப் பட்டியல் முதல் தேவை. ஜிஎஸ்1 இந்தியா வழங்கும், 890 என்று தொடங்கும் பார்கோடு எண்களை அதனுடன் இணைக்கலாம். இணையத்தில் பட்டாசு விற்க 2018-ல் உச்ச நீதிமன்றம் தடை விதித்ததே என்று தயங்க வேண்டாம். அந்தத் தடை ஈ-காமர்ஸ் தளங்களின் விற்பனைக்கு. ஆலையும் லைசென்ஸ் பெற்ற வியாபாரியும் பொருளுக்கு ஒரே எண்ணைப் பயன்படுத்துவது வேறு விஷயம்.

5 கோடிக்குக் கீழே உள்ள ஆலைகள் அரசு கட்டாயப்படுத்தும் வரை காத்திருக்கத் தேவையில்லை. வாடிக்கையான நான்கு வியாபாரிகளுடன் ஒரே எக்செல் பட்டியலை, ஒரே கோடு எண்களுடன் வைத்துக்கொள்ளுங்கள். ஈடிஐ அங்கிருந்தே தொடங்கட்டும்.