அடியில் எழுத்து இல்லாத சீனச் சிலைகள்

ஆசிரியர் உரை

பீங்கான் சிலைகளை மதிப்பிட்டு எழுதுவோர் பலரிடம் ஒரு வாய்ப்பாடு ஊறிப் போயிருக்கிறது. ‘அடியில் சைனா என்ற எழுத்து இல்லை, ஆகவே 1891க்கு முந்தியது.’ மலாக்காவில் உட்கார்ந்துகொண்டு இப்படி எழுதினால் அது பிழை.

அந்த ஆண்டு அமெரிக்காவுக்கு உரியது. 1890இல் அங்கே நிறைவேறிய மெக்கின்லி சுங்கவரிச் சட்டம், 1891 மார்ச் முதல் இறக்குமதிச் சரக்கில் நாட்டின் பெயரை ஆங்கிலத்தில் பொறிக்கச் சொன்னது. ஃபுஜியானிலிருந்தும் குவாங்டோங்கிலிருந்தும் நேரே நம் நீரிணைக்கு வந்த குவான் யின், துவா பெக் கோங் சிலைகளுக்கு அந்தச் சட்டத்தோடு என்ன தொடர்பு? 1930களில் வாங்கி ஹீரன் தெரு வீட்டு மாடத்தில் வைத்த சிலையும் எழுத்தில்லாமலே இருக்கலாம். மேலைநாட்டுச் சேகரிப்பாளருக்கு எழுதிய கையேட்டை ஜொங்கர் தெருக் கடையில் அப்படியே பிரித்துப் பார்த்தால் சிலைக்கு வயது கூடிவிடும். கூடவே விலையும்.

முத்திரை இருந்தாலும் அவசரப்பட வேண்டாம். தெஹுவா வெள்ளைச் சிலைகளின் முதுகில் காணப்படும் ஹே சாவ்சோங் முத்திரை, மிங் காலக் கடைசியில் வாழ்ந்த ஒரு கைவினைஞருடையது. அவருக்குப் பின் பல தலைமுறைச் சூளைகள் அதை எடுத்தாண்டிருக்கின்றன. காங்சி அரசர் பெயரும் அப்படித்தான். அவர் ஆட்சியிலேயே, 1677இல், பீங்கான் நகரமான ஜிங்தேசென்னை உள்ளடக்கிய ஃபூலியாங் மாவட்ட அதிகாரி பீங்கானில் ஆட்சிப் பெயர் எழுதத் தடை போட்டார். உடைந்த ஓட்டிலுள்ள அரசர் பெயர் மிதிபடக் கூடாது என்பது காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலோ அதே பெயரைத் தாராளமாக எழுதி விற்றார்கள்.

நமக்கு உண்மையில் கைகொடுப்பவை சிறு பட்டறைகளின் முத்திரைகள். வெய் ஹொங்தாய், செங் லோங்ஷெங் போன்ற பெயர்களோடு ‘செய்தது’ எனப் பொருள்படும் எழுத்தும் சேர்ந்து வரும். இருபதாம் நூற்றாண்டு முற்பாதியின் ஜிங்தேசென் வண்ணச் சிலைகளில், குறிப்பாகச் சிரிக்கும் புதாயிலும் மூன்று நற்பேற்றுத் தெய்வங்களிலும், இவை பதிந்திருக்கும். எழுத்தைப் படிப்பதற்கு முன் பள்ளத்தைப் பாருங்கள். ஈரம் முழுதும் காயாத மண்ணில் முத்திரை அழுந்தினால் மண் விளிம்புக்கு ஒதுங்கி மெல்லிய வரம்பு எழும். சுட்ட பிறகு கீறியிருந்தால் விளிம்பு பொடிந்திருக்கும். பழைய சிலை ஒன்றிலிருந்து அச்செடுத்து வார்த்த நகல் இன்னும் எளிதில் மாட்டிக்கொள்ளும்: களிமண் உலரும்போதும் வேகும்போதும் சுருங்குவதால் சிலையும் முத்திரையும் மூலத்தைவிடச் சிறுத்து, எழுத்தின் கூர்மையும் மழுங்கியிருக்கும். லென்ஸைவிட அளவுகோல் அதிகம் சொல்லும் இடம் இது.

எழுத்தே இல்லாமலும் காலத்தை உறுதி செய்யலாம். அதற்கு நம் கரையிலேயே சான்று உண்டு. கேன்டனிலிருந்து மெட்ராஸை நோக்கிப் புறப்பட்ட டயானா கப்பல் 1817 மார்ச்சில் மலாக்காவுக்கு அப்பால் மூழ்கியது. 1990களில் அதிலிருந்து மீட்ட பீங்கான் பொருள்கள் சுமார் 24,000. 1995இல் ஆம்ஸ்டர்டாமில் கிறிஸ்டீஸ் அவற்றை ஏலம் விட்டது. ஏறத்தாழ 30 லட்சம் அமெரிக்க டாலர் கிடைத்தது. அந்தச் சரக்குக்கு 1817 என்ற காலத்தைத் தந்தது கப்பல், முத்திரை அல்ல. ஆனால் கப்பலோடு ஒரு துண்டைச் சேர்த்துச் சொல்ல இன்று மிஞ்சியிருப்பது அதில் ஒட்டிய ஏலச் சீட்டும் சான்றிதழும்தான். சுத்தம் செய்கிறேன் என்று சீட்டைச் சுரண்டி எறிபவர் ஒரு முத்திரையையே அழிக்கிறார்.

ஆகவே எந்த வீட்டிலிருந்து, எந்தப் பூசை மேடையிலிருந்து, யார் கைமாறி வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்வதும் நம் தொழிலில் சேர்ந்ததே. ஒன்று மட்டும்: பூசையில் இருக்கும் சிலையை வீட்டுப் பெரியவரின் அனுமதியின்றிக் கவிழ்க்காதீர்கள். அனுமதி கிடைக்காவிட்டால் ‘அடிப்பக்கம் பார்க்கவில்லை’ என்று குறிப்பட்டையில் எழுதுங்கள். ‘முத்திரை இல்லை’ என்று எழுதாதீர்கள், இரண்டும் ஒன்றல்ல.

அடுத்த இதழ் முதல், மில்லிமீட்டரில் உயரமும், அடிப்பக்கத்தின் படமோ அதைப் பார்க்க இயலாத காரணமோ இல்லாத மதிப்பீட்டுக் கட்டுரையை நாங்கள் ஏற்கமாட்டோம்.

– ஆசிரியர், புக்கிட் பெருவாங்